எத்தனை ஷாட் என்று கேட்காதீர்கள், எப்படி உடையும் என்று கேளுங்கள்

எங்கள் தெருவில் 18 வீடுகள். தீபாவளிக்குத் தரைச்சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு எல்லாம் அவரவர் வாங்கிக்கொள்வார்கள். வானத்தில் விடுகிற ஐட்டங்களை மட்டும் எல்லாரும் பணம் போட்டுப் பொதுவாக வாங்குவோம். சிவகாசி எங்களுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், அதனால் அந்தப் பொறுப்பு பல வருடமாக என் தலையில். வருடா வருடம் ஒரே விவாதம். ஒரு திரியில் 240 சின்னக் குண்டு வரிசையாக மேலே போகிற 240 ஷாட் பெட்டி ஒன்று வாங்கினால் போதும் என்பார் ஒருவர், பெரிய குண்டாக மேலே அனுப்புகிற மூன்றரை இஞ்ச் குழாய் நாலு வாங்கலாம் என்பார் இன்னொருவர், இளவட்டங்களுக்கு அதிர்கிற மாதிரி சத்தம் வேண்டும். நானும் ரொம்ப நாள் பெட்டியில் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி வாங்குவதில்லை. மேலே போன குண்டு எப்படி உடைகிறது என்பதை முதலில் முடிவு செய்கிறேன், எண்ணும் அளவும் அதற்குப் பின்னால்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இது சுலபமாகப் புரியும். குழாயின் அடியில் குண்டை மேலே தள்ளுகிற மருந்து. அதற்கு மேல் குண்டு. குண்டுக்குள் வண்ணமாக எரியப்போகிற மணிகள், பட்டாணி அளவிலிருந்து கோலிக்குண்டு அளவு வரை இருக்கும். நடுவில் அந்த மணிகளைப் பற்றவைத்துச் சிதறடிக்கிற இன்னொரு மருந்து, இதை உடைப்பு மருந்து என்று வைத்துக்கொள்வோம். குண்டு உச்சிக்குப் போய்ச் சேரும்வரை அந்த உடைப்பு மருந்தைக் காக்கவைக்கிற ஒரு குட்டித் திரி. இவ்வளவுதான். நாம் கீழே நின்று "ஆ" என்று வாய் பிளக்கிறோமே, அந்தப் பூவின் வடிவம், அகலம், சத்தம் மூன்றையும் பெரும்பாலும் தீர்மானிப்பது நடுவில் இருக்கிற அந்த மருந்தும் அதைச் சுற்றியிருக்கிற காகித ஓடு எவ்வளவு கெட்டி என்பதும்தான். ஓடு கெட்டியாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஏறி ஒரே நொடியில் எல்லாப் பக்கமும் உடையும். ஓடு இளசாக இருந்தால் சீக்கிரமே பிளந்து மணிகளை மெதுவாகக் கொட்டிவிடும்.

ஜப்பான்காரர்கள் இதை இரண்டு குலமாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். வாரிமோனோ என்றால் வலுவாக உடைந்து உருண்டையாக விரிகிற வகை. போகாமோனோ என்றால் குண்டு இரண்டாகப் பிளந்து உள்ளே இருப்பதைக் கொட்டுகிற வகை. வாரிமோனோவுக்குள் அவர்கள் நடுவில் வைப்பது பல சமயம் கருமருந்து பூசிய நெல் உமி. நமக்கு ரொம்பப் பழக்கமான உமிதான்! தூளை அப்படியே அடைத்தால் இறுகிக்கொள்ளும், உமி நடுவே இருந்தால் நெருப்பு ஓட இடைவெளி கிடைத்து முழு உருண்டையிலும் ஒரே நேரத்தில் பற்றும். ஓட்டின் மேல் அடுக்கடுக்காகக் காகிதம் ஒட்டிக் கெட்டியாக்குவதற்கே அங்கே தனிக் கைத்தேர்ச்சி உண்டு. ஓமகாரி என்ற ஊரில் 1910 முதல் இதற்குப் போட்டி நடக்கிறது, வட்டம் எவ்வளவு வட்டமாக வருகிறது என்பதற்கெல்லாம் நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள்.

இனி நம் கடைக்கு வருவோம். வலுவாக உடைகிற வகை என்றால் பந்து மாதிரி விரிவது. மணி பின்னால் வால் விடாமல் புள்ளி புள்ளியாக விரிந்தால் ஒரு அழகு, வால் இழுத்துக்கொண்டே விரிந்தால் சாமந்திப் பூ மாதிரி இன்னொரு அழகு. எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் வட்டமாகத் தெரியும், அதனால் மொட்டைமாடி, எதிர்த்தெரு, பக்கத்து ஊர் என்று எங்கிருந்து பார்க்கிறவருக்கும் சரிசமம். குறை என்னவென்றால் சத்தம். ஓடு கெட்டியாக இருப்பதாலேயே உடையும்போது ஒரு அடி கேட்கும், அதைத் தவிர்க்க முடியாது. பூவும் ரொம்ப நேரம் நிற்காது, இரண்டு மூன்று நொடியில் அணைந்துவிடும். அகலம் வேண்டும், ஆகவே மேலே இடம் வேண்டும்.

மெதுவாக உடைகிற வகையைத்தான் நான் வருடத்துக்கு வருடம் அதிகம் விரும்புகிறேன். மணிகள் கொஞ்சமாக விரிந்து, அப்புறம் பூமி இழுக்க இழுக்கத் தொங்கிக்கொண்டே இறங்கும். பொன்னிற வால்கள் வில்லோ மரக் கிளை மாதிரியும் தென்னை மட்டை மாதிரியும் வளைந்து வரும். அந்தப் பொன்னிறம் பெரும்பாலும் கரித்தூள் எரிகிற நிறம், நின்று எரியக்கூடியது. இந்த மணிகளை ரொம்ப வலுவாக உடைத்தால் காற்று வேகத்தில் நெருப்பே அணைந்து போய் இருட்டாக விழும், அதனால் செய்கிறவர்களே இதற்கு மென்மையான உடைப்பைத்தான் கொடுக்கிறார்கள். மென்மையாக உடைவதால் சத்தமும் குறைவு. எங்கள் தெருவில் ஒரு வருடம் இதை விட்டபோது, எப்போதும் வெடிச் சத்தத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்கிற ஒரு பாட்டி திண்ணையில் வந்து உட்கார்ந்து கடைசிப் பொறி அணையும்வரை பார்த்தார். எனக்கு அந்த வருடத் தீபாவளியே அதுதான். ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. பொறி நீண்ட நேரம் எரிவதால் கீழே இறங்கி வரும். குண்டு உயரம் போகாமல் தாழ உடைந்தால் எரிகிற பொறி கூரைக்கே வந்துவிடும். ஓலைக் கூரை, வைக்கோல் படப்பு, மாடியில் காயப்போட்ட துணி, இவை பக்கத்தில் இருந்தால் காற்று அடிக்கிற நாளில் இதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது வகைக்கு மணியே கிடையாது, வெறும் சத்தம். மேலே போய் ஒரு வெள்ளை மின்னல், ஒரு இடி. இதில் இருக்கிற மருந்து கருமருந்தைவிடப் பல மடங்கு வேகமானது, அலுமினியப் பொடி சேர்ந்தது. கோவில் திருவிழாவில் சாமி புறப்பட்டதை ஊருக்குச் சொல்ல அதிர்வேட்டு போடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் மாடி வீடு இருக்கிற 20 அடித் தெருவில் இது எதற்கு? பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, சுவருக்குச் சுவர் எதிரொலித்து ஜன்னல் அதிரும். "அண்ணே, சத்தம் இல்லாம என்ன தீபாவளி?" என்று பையன்கள் கேட்பார்கள். சரி, வலுவாக உடைகிற குண்டு இரண்டு விட்டாலே அந்தச் சத்தம் கிடைத்துவிடும், கூடவே பூவும் கிடைக்கும் என்று சொல்லித்தான் அவர்களைச் சம்மதிக்கவைக்கிறேன்.

கிராக்லிங் என்று ஒரு வகை உண்டே, சடசடவென்று பொரி பொரிகிற மாதிரி, அது உடைப்பில் வருவதில்லை, மணிக்குள்ளேயே இருக்கிற விஷயம். மென்மையான உடைப்போடு சேர்ந்தால் நன்றாக இருக்கும். வலுவான உடைப்போடு சேர்ந்தால் எனக்குக் காது வலிக்கும், மற்றபடி குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த மூன்று உடைப்பும் கடையில் எந்த எந்த உருவத்தில் கிடைக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

ராக்கெட்டை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். மலிவுதான், ஆனால் குச்சியை நம்பிப் போகிற பொருள் அது. எரிந்துகொண்டே போகும்போது காற்று வருகிற திசைக்கே மூக்கைத் திருப்பும், பாட்டில் கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கத்து மாடிக்குள் போகும். தலையில் இருக்கிற உடைப்பும் சின்னதுதான், அந்த ஆபத்துக்கு ஈடான பூ வராது. எங்கள் தெருவில் ஒரு வருடம் ராக்கெட் ஒன்று மாடியில் அடுக்கியிருந்த பழைய அட்டைப் பெட்டிகளுக்குள் போய்ப் புகுந்தது. அணைத்துவிட்டோம். அதோடு நிறுத்தினோம்.

ரிப்பீட்டர் என்கிற மல்ட்டி ஷாட் பெட்டிகள், 12, 30, 60, 120, 240 என்று வரும். ஒரு திரி வைத்தால் வரிசையாகப் போகும், ஒருவர் ஒரே தடவை கிட்டே போனால் போதும். இது பெரிய நன்மை. ஆனால் எண்ணிக்கை கூடக் கூடக் குண்டு பெரிதாகும் என்று நினைத்துவிடாதீர்கள். 30 ஷாட்டில் இருக்கிற அதே சின்னக் குண்டுதான் பெரும்பாலும் 120லும் இருக்கும், குழாய்கள்தான் அதிகம். குண்டு சின்னது என்றால் உடைப்பு மருந்தும் துளி, மணிகளும் கொஞ்சம், ஆகவே பூவும் சின்னது. 60 ஷாட் நான் பார்த்தவரை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, அதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிப் பூ. 240 வாங்கிய வருடம் நடுவிலேயே பிள்ளைகள் போனைப் பார்க்கப் போய்விட்டார்கள், எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதே காசுக்கு மூன்று விதமான 30 ஷாட் வாங்கி இடைவெளி விட்டு விட்டிருந்தால் எல்லாரும் கடைசிவரை நின்றிருப்பார்கள். இன்னொன்று, ஒவ்வொரு குண்டு கிளம்பும்போதும் பெட்டி கீழே உதைபடும். தரை சமமாக இல்லை என்றால் சாய்ந்துவிடும். சாய்ந்த பெட்டி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கமும் செங்கல் அண்டக்கொடுத்து, பெட்டியின் உயரத்தில் பாதிக்காவது வருகிற மாதிரி அடுக்குங்கள்.

தனிக் குழாய்கள், 2 இஞ்ச், மூன்றரை இஞ்ச், 4 இஞ்ச் என்று ஃபேன்சி பெயரில் விற்பவை, இவற்றில்தான் உடைப்பின் வித்தியாசம் உண்மையாகவே தெரியும். குண்டு பெரிதாக இருப்பதால் மணிகளை அடுக்க இடம் இருக்கிறது, நடுவில் மருந்துக்கும் இடம் இருக்கிறது. ஒரு நல்ல மூன்றரை இஞ்ச் குண்டு விரியும்போது ஊரே ஒரு நொடி வெளிச்சமாகும். டபுள் பால் என்றால் ஒரே குழாயில் இரண்டு குண்டு, ஒன்றன் பின் ஒன்றாக உடையும். விலை அதிகம், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கிட்டே போய்ப் பற்றவைக்க வேண்டும், அதுதான் குறை. ஆனால் எட்டுப் பூ விரிந்தாலும் எட்டும் நினைவில் நிற்கும்.

இடம் எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவில் தொழில்முறை வாணவேடிக்கைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: குண்டின் குறுக்களவு ஒரு அங்குலத்துக்கு 70 அடி தூரம் பார்வையாளர்கள் தள்ளி நிற்க வேண்டும். உயரமும் தோராயமாக அங்குலத்துக்கு 100 அடி என்பார்கள். இதைப் போட்டுப் பார்த்தால் 2 அங்குலத்துக்கு 140 அடி, மூன்றரைக்கு 245 அடி. நம் பெட்டிகளில் அச்சிட்டிருக்கிற தூரம் இதைவிடக் குறைவாக இருக்கலாம், நான் இரண்டில் எது பெரிதோ அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். 245 அடி எந்தத் தெருவில் இருக்கிறது? இல்லை. ஆகவே மூன்றரை இஞ்ச் என்றால் தெருவில் விடவே கூடாது, கண்மாய்க் கரை, அறுவடை முடிந்த வயல், பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லாத மைதானம் என்று போக வேண்டும்.

குண்டு உண்மையில் எவ்வளவு தூரத்தில் உடைகிறது என்று போனிலேயே கண்டுபிடிக்கலாம். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம் எடுக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும், அப்படியானால் ஒரு படத்துக்குச் சுமார் 11 மீட்டர். வெளிச்சம் தெரிந்த படத்திலிருந்து சத்தம் கேட்கிற படம் வரை எண்ணுங்கள். 6 வந்தால் 66 மீட்டர். போன வருடம் நான் இப்படி எண்ணிப் பார்த்ததில், ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டிகளில் ஒன்று 3 படத்துக்கும் இன்னொன்று 5 படத்துக்கும் வந்தது. தாழ உடைந்த அந்தப் பெட்டி வகையை இந்த வருடம் வாங்கவில்லை.

சத்தத்துக்குச் சட்டம் இருக்கிறது, 1999ல் வந்தது. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும், எனவே 64 மீட்டர் மேலே உடைகிற குண்டின் சத்தம் நம்மிடம் வரும்போது 24 டெசிபல் குறைந்திருக்கும். வானத்தில் உடைவது தரையில் வெடிக்கிற அணுகுண்டைவிடக் காதுக்கு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். அப்படியும் நாய்களும் பறவைகளும் படுகிற பாடு தனி. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது. உங்கள் ஊர்க் கண்மாயில் பறவை அடைகிற மரங்கள் இருந்தால் மேலே சொன்ன மூன்றரை இஞ்ச் யோசனையையே விட்டுவிடுங்கள்.

நேரமும் குறைவு. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தந்த தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் நேரம் கொடுக்கிறார்கள். வானவெடிக்கு இருட்டு வேண்டும், ஆக ஒரு மணி நேரம்தான் கையில். அதே தீர்ப்பில்தான் பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. பச்சை நிறத்துக்கு வேலை செய்வது பேரியம். எனவே பெட்டிப் படத்தில் பளீர் பச்சை இருந்தாலும் அதை நம்பி வாங்காதீர்கள். சிவப்பு, பொன்னிறம், வெள்ளி இவை நன்றாக வருகின்றன. பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூஆர் கோடும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாத் தெருவும் ஒரே சமயம் விடுவதால் புகை தேங்கும், காற்று இல்லாத இரவில் 7:40க்கு மேல் விடுகிற நல்ல குண்டு புகைக்குள் வீணாகிறது. பெரியதை முதல் பத்து நிமிடத்திலேயே விடுவது என் பழக்கம்.

கோவில் திருவிழாவுக்கு என்றால் கணக்கே வேறு. அங்கே நூற்றுக்கணக்கான பேர் கூடுவார்கள், நீங்களே கடையில் வாங்கி விடலாமா, உரிமம் உள்ளவரிடம் கொடுக்கலாமா என்ற கேள்வி வரும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வாங்குங்கள். கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோவிலில் 2016 ஏப்ரல் 10 அன்று நடந்தது எல்லாருக்கும் தெரியும். போட்டி வாணவேடிக்கைக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது, ஆனாலும் நடந்தது, சேமித்து வைத்திருந்த வெடியில் தீ பிடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மிச்சச் சரக்கை வைப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய தவறு. 18 வீட்டுத் தெருவுக்கும் இது பொருந்தும்: நாங்கள் பெட்டிகளை மூடி போட்ட டிரம்மில், நாலு வீடு தள்ளித்தான் வைக்கிறோம்.

இன்னொரு வழியும் இருக்கிறது என்று சில பையன்கள் நினைக்கிறார்கள். கடைக் குண்டைப் பிரித்து, நடுவில் மருந்தைக் கூட்டி, பெரிதாக உடையவைப்பது. இதை நான் ஒப்பிடக்கூடத் தயாராக இல்லை. உரிமம் இல்லாமல் செய்வது குற்றம் என்பது ஒரு பக்கம். சத்த வெடி மருந்து உரசலுக்கும் நிலைமின்சாரப் பொறிக்கும் பற்றும். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பதை 1992லேயே தடை செய்ததும் இதே மாதிரிக் காரணத்தால்தான், அந்தக் கலவை லேசான உரசலிலோ அடியிலோகூட வெடிக்கக்கூடியது. பிறந்ததிலிருந்து மருந்தோடு வாழ்கிற விருதுநகர் மாவட்டத்து ஆட்களே, செம்புப் பாத்திரம், ஈரத் தரை, ஒரு அறைக்கு இத்தனை பேர் என்று அத்தனை கட்டுப்பாட்டோடு வேலை செய்தும் கருகிப் போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டான். இதில் பூவாவது பெரிதாக வருமா என்றால் அதுவும் இல்லை, உடைப்பு எல்லை மீறினால் மணிகள் அணைந்துவிடும், இல்லையென்றால் குண்டு குழாய்க்குள்ளேயே உடையும். பெரிய பூ வேண்டும் என்றால் பெரிய குழாய் வாங்கி, பெரிய இடத்துக்குப் போங்கள்.

இந்த வருடம் எங்கள் பட்டியல் இது. கண்மாய்க் கரைக்கு இரண்டு மூன்றரை இஞ்ச் ஒற்றைக் குண்டு, இரண்டுமே வலுவாக உடைகிற சிவப்பு, பையன்களுக்காக. எங்கள் கண்மாயில் பறவை அடைவதில்லை, அதனால்தான் இது. தெருமுனைக் காலி மனைக்கு மூன்று 30 ஷாட். ஒன்று பொன்னிறத் தொங்கல், ஒன்று கிராக்லிங், ஒன்று வண்ணப் பந்து. சத்தம் மட்டும் என்கிற வகை ஒன்றும் இல்லை. பற்றவைப்பது இரண்டே பேர், பருத்திச் சட்டை, நீளமான ஊதுபத்தி, குழாய்க்கு மேலே தலையை நீட்டக் கூடாது. பற்றாமல் போனதை மறுபடி தொட மாட்டோம், அரை மணி நேரம் விட்டுவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றி, மறுநாள் காலைவரை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவோம். பாட்டிக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறேன், பொன்னிறத் தொங்கலை 7:05க்கு முதலாவதாக விடுகிறோம்.